வேலிக்கு வெளியே வைத்த நண்டும் சோளமும்

என் கண்ணான அம்மாவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் எழுத்து வாசிக்க முடியுமா என்று எனக்குத் தெரியாது. முடியாவிட்டாலும் பரவாயில்லை. நான் எழுதும்போதே நீ பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். விளக்கைத் தாழ்த்திப் பாயை மடித்து மறைத்து வைத்திருக்கிறேன். இந்நேரத்தில் லயத்து வீட்டு வரிசையில் வெளிச்சம் தெரிந்தால் கதவைத் தட்டுவார்கள். அப்பா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். தூங்குகிறாரா இல்லையா என்று தெரியவில்லை. தங்கச்சி தேவி என் காலைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாள்.

அம்மா, நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். அது நல்லதா கெட்டதா என்று இன்று காலையிலிருந்து யோசிக்கிறேன். யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. உன்னைத் தவிர யாரிடம் கேட்பேன்?

முதலில் இங்கே நடப்பதைச் சொல்கிறேன். நீ போன பிறகு நம் லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டுவிட்டார்கள். மேல்காட்டு லயத்து ஆட்களையும் கொண்டுவந்து இங்கேயே வைத்துவிட்டார்கள். ஒரே ஒரு கேட். காலையில் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகிறவர்களை அங்கே நிறுத்திச் சோதிக்கிறார்கள். கையில் ஒரு பிடி சோறுகூடக் கொண்டுபோகக் கூடாது, சீனி போட்ட தேத்தண்ணீரும் கூடாது. வெள்ளைக்காரனை எதிர்த்துக் காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடுமாம். பெண்களைச் சோதிப்பது யார் தெரியுமா? நம் பக்கத்து வீட்டு அஞ்சலை அத்தைதான். உனக்குச் சிரிப்பு வரும். உப்பு கடன் கேட்க வரும்போதுகூட வாசலில் நின்று கூப்பிடும் அத்தை, இப்போது எல்லோருடைய மடியையும் தடவிப் பார்க்கிறார்.

அரிசி அளந்துதான் கொடுக்கிறார்கள். அது பாதி வாரத்துக்குத்தான் வருகிறது. மீதி நாளைக்கு மரவள்ளியும் சோளமும்.

அந்தச் சோளமும் போய்விட்டது, அம்மா. லயத்துக்குப் பின்னால் நீ அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்ட விதையை எடுத்து இந்த வருஷமும் போட்டோம். ஆள் உயரத்துக்கு வந்திருந்தது. வேலி ஓரத்தில் உயரமாக எதுவும் இருக்கக் கூடாது, ஒளிந்துகொள்ள வசதியாகிவிடும், பறித்துத் தின்னவும் ஆகும் என்று உத்தரவு வந்தது. செவ்வாய்க்கிழமை எல்லோரும் அவரவர் பாத்தியை அவரவரே வெட்டினார்கள். அப்பா நம்முடையதை வெட்டும்போது ஒவ்வொரு தட்டையையும் தரையோடு சேர்த்து மெதுவாகச் சாய்த்தார். கதிர் எல்லாம் பிஞ்சும் முற்றலும் கலந்து வீட்டுக்குள் குவிந்தது.

மறுநாள்தான் உன் திதி. நீ போய் ஒரு வருஷம்.

படையலுக்குச் சோறு ஆக்க அரிசி இல்லை என்று நான் அழுதுகொண்டு நின்றேன். அப்பாதான் சொன்னார்: “ஒங்கம்மா சோத்துக்கு ஏங்குன ஆளா? வெயில் காலம் வந்தா அவ அடுப்புல சோறா வச்சா? ஒரே சட்டியில நண்டையும் சோளத்தையும் போட்டு வேக வச்சு முடிச்சிடுவா. அதையே ஆக்கு.”

உண்மைதானே? ரப்பர் மரம் எல்லாம் இலை கொட்டி நிற்கிற மாதத்தில், தகரக் கூரை நெருப்பாகக் கொதிக்கும்போது, நீ அடுப்பங்கரையில் நிற்கவே மாட்டாய். “சட்டிதான் வேகணும், நான் எதுக்கு வேகணும்” என்பாய். தங்கா பத்து ஊரின் கடலோரத் தென்னந்தோப்பில் நீயும் மாமாவும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது சாப்பிட்ட சாப்பாடு அது என்பாய். இந்தத் தோட்டத்தில் வேறு யார் வீட்டிலும் நான் அப்படிப் பார்த்ததில்லை.

புதன்கிழமை மீன் விற்கும் மலாய்க்காரப் பாக்சிக் சைக்கிளில் வந்தார். இப்போதெல்லாம் கேட்டுக்கு இந்தப் பக்கம் வருவதற்குள் அவருடைய கூடையைக் கவிழ்த்துப் பார்த்துவிடுகிறார்கள். உனக்கு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு ஞாபகம் இருந்திருக்க வேண்டும். நான் கேட்காமலே ஈரச் சாக்கை விலக்கி, “அடேக், கெத்தாம் பாகுஸ். மாக் சுக்கா இனி” என்று நண்டைக் காலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். நல்ல நண்டு, உன் அம்மாவுக்குப் பிடிக்குமே என்கிறார். நண்டும் கொஞ்சம் இறாலும் வாங்கினேன்.

அப்போது அஞ்சலை அத்தை எட்டிப் பார்த்து, “என்னாடி ராசம், ஊரே சோளத்த அவிச்சுத் தின்னுது, ஒங்க வூட்ல மட்டும் நண்டு வெருந்தா? யாருக்குடி பொண்ணு பாக்க வராங்க, ஒனக்கா தேவிக்கா?” என்றார்.

“அம்மாவுக்குப் படையல், அத்தை.”

அத்தையின் முகம் மாறிவிட்டது. “ஐயோ, வருசம் திரும்பிருச்சா?” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய், நாலு பூண்டும் வாசனைப் புல்லாக ஒரு செராய்த் தண்டும் கொண்டுவந்து கொடுத்தார். அதையும் சொல்ல வேண்டும். அத்தை கெட்டவர் இல்லை.

அம்மா, நீ ஆக்கும்போது நான் பக்கத்திலேயே இருந்திருக்கிறேன். ஆனால் ஆக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு எதுவும் சரியாகத் தெரியாது என்று தெரிந்தது. உப்பை முதலிலா போடுவாய், சோளம் வெந்த பிறகா? மஞ்சள் எவ்வளவு? நீ அளந்ததே இல்லையே. கையில் அள்ளிப் பார்ப்பாய், போட்டுவிடுவாய். என் கை உன் கையைவிடச் சின்னது. எத்தனை தடவை அள்ள வேண்டும்?

கடைசியில் தோன்றியபடி செய்தேன். தண்ணீரில் மஞ்சள், தட்டின பூண்டு, செராய், காய்ந்த மிளகாய். சோளத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டு, மணி எல்லாம் பளபளவென்று மஞ்சளாகும் வரை வேகவிட்டேன். அப்புறம் நண்டு. நண்டு சிவந்த பிறகு இறால். இறால் சுருண்டதும் இறக்கிவிட வேண்டும், இல்லையென்றால் ரப்பர் மாதிரி ஆகிவிடும் என்று நீ சொன்னது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. இறக்கிக் கஸ்தூரி எலுமிச்சை பிழிந்தேன். வீடு முழுக்க உன் வாசனை. தேவி ஓடிவந்து, “அம்மா வந்துட்டாங்களா?” என்று கேட்டாள். “சட்டியத் தொடாத, சுடும்” என்றேன்.

உப்பு சரியா என்று பார்க்கவும் முடியாது. படையலை யாரும் முன்னால் ருசி பார்க்கக் கூடாதே.

வெயில் தாழ்ந்ததும் உன் சேலையை வைத்து, செம்பருத்திப் பூ வைத்து, தலைவாழை இலையில் பரிமாறினோம். அப்பா சூடம் ஏற்றினார். “வந்து சாப்புடு புள்ள, அரிசி இல்லன்னு கோவிச்சுக்காத” என்று மட்டும் சொன்னார். கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். திரும்பிக் கதவைத் திறந்தபோது இலை வைத்தபடியே இருந்தது. எப்போதும் அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இந்தத் தடவை நீயாக இருந்ததால் நான் ஏமாந்துபோனேன்.

“காக்காய்க்கு ஒரு பிடி எடுத்து வச்சுட்டு வா. அப்புறம் நாம சாப்புடலாம்” என்றார் அப்பா.

ஒரு பிடி போதும். எனக்குத்தான் மனசு வரவில்லை. ஒரு வருஷமாக நீ ஒன்றும் சாப்பிடவில்லையே! உனக்குப் போட்ட இலையை அப்படியே தூக்கினேன். ஒரு முழு நண்டு, இறால், இரண்டு துண்டு சோளம், அதன் மேலே அந்தப் பூ. அப்பா தேவிக்கு முகம் கழுவிக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை.

எங்கே வைப்பது? தாத்தா திதிக்கு நீ காக்காய்க்கு வைக்கும் தட்டைக் கல் உனக்கு ஞாபகம் இருக்கும். சோளப் பாத்தியைத் தாண்டி, பலா மரத்துக்குக் கீழே. அது இப்போது வேலிக்கு வெளியே போய்விட்டது. கையை நீட்டினால் எட்டும் தூரம்தான். கம்பிக்கு அடியில் மண் கொஞ்சம் பள்ளமாக இருந்தது. அதன் வழியாக இலையைத் தள்ளி ஒரு குச்சியால் கல்லின் மேல் ஏற்றினேன். கா கா என்று கூப்பிட்டேன். ஒன்றும் வரவில்லை. ஊரடங்கு மணி அடித்துவிட்டது, வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

சத்தியமாகச் சொல்கிறேன் அம்மா, அது வேலிக்கு வெளியே போகிற சாப்பாடு என்று எனக்குத் தோன்றவே இல்லை. படையலை யாராவது சாப்பாடு என்று நினைப்பார்களா? அரிசி, மாவு, சீனி, டின் மீன் என்றுதான் கேட்டில் பலகை தொங்குகிறது. காக்காய்க்கு வைப்பதை அதில் எழுதவில்லை.

இன்று காலையில் பள்ளிக்கூடம் போகிறதற்கு முன் போய்ப் பார்த்தேன்.

இலை மடித்திருந்தது.

காக்காய் இலையை மடிக்குமா? காக்காய் வந்திருந்தால் இழுத்துக் கிழித்து மண்ணில் போட்டிருக்கும். இது நேராக இரண்டாக மடித்து, மேலே ஒரு சின்னக் கல் வைத்திருந்தது. பக்கத்தில் சோளக் கட்டைகள், ஒரு மணிகூட இல்லாமல். காட்டுப் பக்கம் புல் அமுங்கிக் கிடந்தது, யாரோ சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரி.

முதலில் எனக்குப் பயமே வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. நீதான் வந்து சாப்பிட்டிருக்கிறாய் என்று நினைத்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்கூட.

அப்புறம்தான் நண்டு ஓட்டைப் பார்த்தேன். ஓடெல்லாம் கீழே, அதற்கு மேல் கால்கள், உச்சியில் இரண்டு கொடுக்கு. குட்டிக் கோபுரம். உலகத்திலேயே அப்படி அடுக்கிவைக்கிற ஆள் ஒருவர்தான். “நண்டு தின்னா எல்லாரு எலையும் குப்பமேடு, என் தம்பி எலை மட்டும் கோயில் கோபுரம்” என்று நீ கேலி செய்வாயே, அந்த ரத்தினம் மாமா. தோட்டத் தொழிலாளர் சங்கத்தை அரசாங்கம் மூடின பிறகு ஒரு நாள் வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. காட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். அப்போது நீ இருந்தாய். அவர் பேரை வீட்டில் சொல்லக் கூடாது என்று அப்பா சொன்னபோது, நீ சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

இலையை இழுத்து எடுத்திருக்க வேண்டும். அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்ட கணக்கு எதுவும் காதில் விழவில்லை. திரும்பி வந்து எடுத்துவிடலாம் என்று பார்த்தால், ரோந்து வந்த மாத்தா-மாத்தா போலீஸ்காரர்கள் இரண்டு பேர் கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருவர் நண்டு ஓட்டைப் பையில் போடுகிறார்.

யோசித்துப் பார். நேற்று லயத்தில் எல்லா வீட்டிலும் சோளம் வெந்தது. நண்டு வாங்கியது நம் வீடு மட்டும்.

சாயங்காலம் தோட்டத்து ஆபீசில் எழுதும் கிராணி ஐயா வாசலுக்கு வந்தார். யாழ்ப்பாணத்துப் பேச்சில் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார்: “முத்தையா, நாளைக்கு விடிய நீர் பேர் கூப்பிடுற பெரட்டுக்குப் போக வேண்டாம். ஆபீசுக்கு வாரும். இன்ஸ்பெக்டர் உம்மோட கதைக்க வேணுமாம். உம்மட மச்சானைப் பற்றியும் கேப்பினம் போல கிடக்கு.”

“என்னத்தங்க கேப்பாங்க?”

“எனக்கென்ன தெரியும்? ஒரு சட்டை துணி கையோட கொண்டு வந்தால் நல்லது.”

அவர் போன பிறகு அஞ்சலை அத்தை சுவரோரமாக வந்து நின்றார். “ராசம், நானாப் போயி ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா என்னைய நிக்க வச்சுக் கேட்டா, நண்டு யாரு வாங்குனான்னு கேட்டா... எனக்குப் பொய் வராதுடி. எனக்கும் அந்த வேலைய விட்டா வேற கெதி இல்லலா” என்று சொல்லிவிட்டு அழுதார். அவரைத் தேற்றுவதா, அவரிடம் கோபித்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

துணி கொண்டு போகச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். போன மாதம் மேல்காட்டு லயத்து ஆள் ஒருவர் அப்படித்தான் போனார். அவரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடப் போகிறார்கள் என்று பேச்சு. அப்பாவையும் அனுப்பிவிட்டால்? அப்பா பிறந்ததே இங்கேதானே, அந்த ஊரில் அவருக்கு யாரைத் தெரியும்? தேவியை நான் எப்படி வளர்ப்பேன்?

அதனால் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

“எலை எந்தப் பக்கம் மடிச்சிருந்துச்சு?”

எனக்கு முதலில் புரியவில்லை. கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். புல் அமுங்கியிருந்தது காட்டுப் பக்கம். இலையின் மடிப்பும் அந்தப் பக்கம். திறந்த ஓரம் நம் வேலியைப் பார்த்து இருந்தது. “உட்கார்ந்தவங்களுக்கு எதிர்ப்பக்கமா, அப்பா. வெளிய தள்ளி மடிச்சிருந்துச்சு.”

கல்யாண வீட்டில் நம் பக்கமாக மடிக்க வேண்டும், சாவு வீட்டில் எதிர்ப்பக்கமாக மடிக்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்ததே நீதான். மாற்றி மடித்ததற்கு ஒரு தடவை என் கையில் தட்டியிருக்கிறாய்.

அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்தே, “அப்ப ஒங்கம்மா போனது அவனுக்குத் தெரிஞ்சிருச்சு. எப்புடிச் சொல்லி அனுப்புறதுன்னு ஒரு வருசமாத் தவிச்சேன்” என்றார்.

தாத்தாவுக்கு நீ எப்போதும் சோறும் கருவாடும்தான் படைப்பாய். நண்டும் சோளமும் உன் சாப்பாடு. செம்பருத்திப் பூவையும் உன் சாப்பாட்டையும் அந்தக் கல்லில் பார்த்தபோது மாமாவுக்கு விளங்கியிருக்கும். விளங்கிய பிறகும் சாப்பிட்டாரா, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது விளங்கியதா? அழுதாரா? பசியாக இருக்கும்போது அழ முடியுமா, அம்மா?

மாமா மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது. அவரால்தான் இதெல்லாம். ஆனால் அவர் சாப்பிட்டது எனக்குப் பிடித்தும் இருக்கிறது. இரண்டும் ஒரே மனசுக்குள் எப்படி இருக்கும்?

“நான்தான் காக்காய்க்கு வச்சேன்னு சொல்லிடுறேன். நீ வாயத் தெறக்காத” என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்கு அதுதான் சரியாகப் படவில்லை. அப்பா வைத்தேன் என்றால் மச்சானுக்கு வைத்ததாகத்தான் சொல்வார்கள். நான் வைத்தேன் என்றால் நம்புவார்களா? சின்னப் பெண்ணைக் கப்பலேற்றுவார்களா? இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியாது. கிராணி ஐயாதான் மாற்றிச் சொல்ல வேண்டும். அவர் வீட்டிலும் காக்காய்க்கு வைக்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். அவருக்குப் புரியும். புரிந்ததைச் சொல்வாரா?

விளக்கில் எண்ணெய் குறைந்துவிட்டது. அதனால் நான் முடிவு பண்ணியதை உன்னிடம் சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

நாளைக்குக் காலையில் அப்பா சட்டை போடுவதற்கு முன்னால் தேவியைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் படியில் போய் நிற்பேன். உன் திதி, நீ வைக்கும் கல், நான் வைத்த இலை, எல்லாவற்றையும் உள்ளபடி சொல்வேன். சாப்பிட்டது யார் என்று கேட்டால் காக்காய் என்று சொல்வேன். செத்துப்போனவர்கள்தான் காக்காயாக வருகிறார்கள் என்று நீ சொல்லியிருக்கிறாய். மாமாவையும் லயத்தில் எல்லோரும் செத்துப்போனவர் மாதிரிதானே பேசுகிறார்கள்? அப்படியென்றால் நான் சொல்வது பொய்யா, அம்மா?

அடுத்த வருஷமும் உனக்கு இதையே ஆக்குவேன். வேலி இருந்தாலும் ஆக்குவேன். இந்தத் தடவை அப்பாவும் நானும் சாப்பிட்டோம், ஆனால் உப்பு எப்படி இருந்தது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. வெளியே வைத்த இலையில் ஒரு சோள மணிகூட மிச்சமில்லை. உப்பு சரியாகத்தான் இருந்திருக்கும்.

உன் கை அளவுக்கு இன்னும் கை வளராத,
உன் மூத்த மகள்
ராஜம்